பனி உறைந்த தரையில் ஊர்ந்து செல்லும் விமானங்கள்: பறப்பதற்கு முன்பே காத்திருக்கும் அபாயம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல்லின் மீது படியும் துளிதான். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போய் ஒரு டம்ளர் டீ குடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், பனியும் மறைந்துவிடும். உறைந்த பனியை இங்குள்ளவர்கள் பார்ப்பது, மீன் மார்க்கெட்டில் கோணிச் சாக்கு போர்த்திய ஐஸ் கட்டியில் மட்டுமே. ரேணிகுண்டா விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஐஸ் படியும் நாள் வரப்போவதில்லை.

ஆனாலும் ஐஸ் படிந்த விமான நிலையங்களுக்கும் இந்த வட்டாரத்துக்கும் இன்று நெருங்கிய சம்பந்தம் உண்டு. இங்கே குமாஸ்தாவாகவும் தொழிலாளியாகவும் உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலையில் இருக்கிறார்கள். ராணுவத்தில் சேர்ந்த பிள்ளைகள் லேயிலும் ஸ்ரீநகரிலும் காவல் நிற்கிறார்கள். மகளின் பிரசவத்துக்காக டிசம்பர், ஜனவரி மாதங்களில் கடல் தாண்டிப் போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் திரும்பி வந்து சொல்லும் குறை ஒன்றுதான்: “விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் கிளம்பவே இல்லை. கிளம்பியும் கட்டை வண்டி மாதிரி ஊர்ந்துகொண்டே போயிற்று.”

அந்தத் தாமதத்துக்கும் அந்த ஊர்தலுக்கும் தகுந்த காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை அலட்சியம் செய்த இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன.

டாக்ஸி என்பது என்ன?

பிரயாணிகளை ஏற்றிய இடத்திலிருந்து ஓடுபாதையின் முனை வரை விமானம் தன் சக்கரங்களில் உருண்டு போவதை ‘டாக்ஸி’ என்பார்கள். வாடகைக் காருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இறங்கிய பிறகு ஓடுபாதையிலிருந்து கட்டடம் வரை வருவதும் டாக்ஸிதான். அதற்கென்று அமைத்த வழி டாக்ஸி பாதை. பிரயாணத்திலேயே ஆபத்தில்லாத பகுதி இதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். காய்ந்த தரையில் அது பெரும்பாலும் உண்மை. ஐஸ் படிந்த தரையில் அப்படி அல்ல.

பாசி படிந்த கோவில் குளத்துப் படியில் கால் வைத்தவர்களுக்கு வழுக்கலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐஸ் கட்டியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே அது எண்ணெய் போல் வேலை செய்கிறது. கடுங்குளிரில் இறுகிப்போன ஐஸை விட, உருகும் நிலையில் ஈரமாக இருக்கும் ஐஸ் அதிகமாக வழுக்கும். உஷ்ணநிலை பூஜ்யம் டிகிரியைச் சுற்றி ஏறி இறங்கும் நாட்களில்தான் அபாயம் மிகுதி. பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடி போல் மறுபடியும் உறைந்துவிடும். அதன் அடியில் உள்ள கறுப்புத் தார் அப்படியே தெரிவதால், பார்ப்பவர்களுக்கு அது வெறும் ஈரமாகத்தான் தோன்றும்.

ஆறு சக்கரம், எழுபது டன்

இந்தியாவில் அதிகமாகப் பறக்கும் ஏர்பஸ் 320 ரக விமானம் முழுச் சுமையுடன் எழுபது டன்னுக்கு மேல் இருக்கும். சரக்கு ஏற்றிய நான்கு லாரிகளின் எடை அது. அவ்வளவு எடையையும் தாங்குவது ஆறே சக்கரங்கள்: மூக்குக்கு அடியில் இரண்டு, இறக்கைகளுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று இருந்தால், இந்த டயர்களில் சுமார் 200 பவுண்டு இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தரையில் விமானத்தைத் திருப்புவது மூக்குச் சக்கரம். ஆனால் விமானத்தின் எடையில் மிகச் சிறிய பங்குதான் அதன் மீது விழுகிறது. மீதி எல்லாம் பின் சக்கரங்களின் மீது. மூக்குச் சக்கரத்துக்குப் பிரேக்கும் கிடையாது. ஆகவே ஐஸ் மீது விமானி வளைவில் திருப்பும்போது மூக்குச் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். விமானமோ நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். முன் டயர் தேய்ந்த சைக்கிளை மழைக்காலத்தில் சேற்றில் திருப்பியவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது சங்கடம் இன்ஜின். ஜெட் இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் சுற்றினாலும் விமானத்தை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். காய்ந்த தரையில் அதைப் பிரேக் பிடித்து நிறுத்தலாம். ஐஸ் மீது பிரேக்குக்குப் பிடிப்புக் கிடைக்காது. நின்றுவிட்டது என்று நினைத்த விமானம் மெல்ல நகரத் தொடங்கும். அதைவிட மோசம், நின்ற விமானத்தை மீண்டும் கிளப்ப இன்ஜினைக் கூட்டுவது. பின்னால் பாயும் காற்று பனிக்கட்டிகளைக் கல் போல வாரி அடுத்த விமானத்தின் மீதும், கீழே வேலை செய்யும் ஆட்கள் மீதும் எறியும்.

மூன்றாவது சங்கடம் காற்று. விமானத்தின் வால் பல அடி உயரம் நிமிர்ந்து நிற்கும் ஒரு பாய்மரம். பக்கக் காற்று அதைத் தள்ளினால் மூக்கு காற்றுக்கு எதிராகத் திரும்பப் பார்க்கும். சக்கரங்களுக்குப் பிடிப்பு இருக்கும் வரை கவலையில்லை. பிடிப்புப் போனால் விமானம் திசைமாறிச் சுழலும்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜெட்புளூ கம்பெனியின் விமானம் ஒன்று பத்திரமாக இறங்கிய பிறகு, டாக்ஸி பாதையில் வழுக்கித் திசை திரும்பி நின்றது. 2024 ஜனவரி 18 அன்று நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் மற்றொரு விமானம், இறங்கிய பின்னர் டாக்ஸி பாதையை விட்டு விலகிப் பனியில் இறங்கியது. இரண்டிலும் யாருக்கும் காயம் இல்லை. விமானங்கள் மெல்ல ஊர்ந்ததே அதற்குக் காரணம்.

முதலில் ஓடுபாதை, பிறகுதான் மற்றவை

பனி கொட்டும்போது விமான நிலையத்தார் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் துப்புரவு செய்துவிட முடியாது. முதலில் ஓடுபாதையைச் சுத்தம் செய்வார்கள். அடுத்தது ஓடுபாதைக்குப் போகும் டாக்ஸி பாதைகள். அதன் பிறகே விமானங்கள் நிற்கும் திடல். வேகமாக ஓடும் இடத்துக்கு முதலிடம் கொடுப்பது நியாயமே. ஆனால் இதன் விளைவாக, விமானம் மெல்லப் போகும் இடங்களில்தான் ஐஸ் நீண்ட நேரம் தங்கிவிடுகிறது.

வீட்டில் ஐஸ் உருக உப்பைத் தூவுவது போல் இங்கே செய்ய முடியாது. உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். ஆகவே மணலைத் தூவுகிறார்கள். அல்லது பொட்டாசியம் அசிடேட் போன்ற ரசாயனங்களைத் தெளிக்கிறார்கள்.

ஓடுபாதையின் நிலையை விமானிக்குச் சொல்ல உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு ஒன்று உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த இந்த முறை 2021 நவம்பர் 4 முதல் அமலுக்கு வந்தது. ஓடுபாதையை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை மார்க் போடுகிறார்கள். காய்ந்த தரைக்கு 6. ஐஸுக்கு 1. ஈர ஐஸுக்கு 0. பூஜ்யம் வாங்கிய ஓடுபாதையில் நிலைமை சீராகும் வரை விமானம் இறங்கவோ ஏறவோ கூடாது. டாக்ஸி பாதைக்கும் திடலுக்கும் இப்படி எண் மார்க் கிடையாது. நிலைமை மோசமாக இருந்தால் ‘மோசம்’ என்று ஒரு சொல் மட்டும் வரும். மீதி விமானியின் நிதானத்தைப் பொறுத்தது.

ஸ்ரீநகரில் நடந்தது

இந்தியாவிலும் இந்த அபாயம் உண்டு. காஷ்மீரில் 2021 ஜனவரி முதல் வாரத்தில் கொட்டிய பனியால் ஸ்ரீநகர் விமானப் போக்குவரத்து சில நாட்கள் முடங்கியது. பாதைகளைச் சுத்தம் செய்து சேவை மீண்டும் தொடங்கிற்று. ஒதுக்கித் தள்ளிய பனி ஓரங்களில் குவிந்து கிடந்தது.

ஜனவரி 13 அன்று டெல்லிக்குப் புறப்பட்ட இண்டிகோ விமானம் ஒன்று 230க்கும் மேற்பட்ட பிரயாணிகளுடன் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து சென்றது. வழியில் அதன் இன்ஜின் ஓரத்துப் பனிக்குவியலில் உரசிவிட்டது. விமானம் அங்கேயே நிறுத்தப்பட்டது. யாருக்கும் காயமில்லை. இன்றைய ஜெட் விமானங்களின் இன்ஜின்கள் பருத்தவை. இறக்கைக்கு அடியில் தரையை ஒட்டித் தொங்குகின்றன. பாதையின் நடுவைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, ஓரத்தில் குவிக்கும் பனியின் உயரமும் முக்கியம் என்பதை இந்தச் சம்பவம் காட்டியது.

இறக்கையைக் குளிப்பாட்டும் லாரிகள்

ஐஸ் சக்கரத்துக்கு மட்டும் எதிரி அல்ல. இறக்கையின் மீது உப்புத்தாள் போன்ற மெல்லிய சொரசொரப்பு படிந்தாலே, விமானத்தைத் தூக்கும் சக்தி குறைந்துவிடும். ஆகவே புறப்படும் முன் லாரிகளில் வந்து இறக்கையின் மீது சூடான திரவத்தைப் பீய்ச்சுகிறார்கள். கிளைக்கால் என்ற ரசாயனமும் தண்ணீரும் கலந்த திரவம் அது. ஆரஞ்சு நிறத் திரவம் படிந்த ஐஸை உருக்கும். பச்சை நிறத் திரவம் கெட்டியானது; மறுபடியும் ஐஸ் படியாமல் கொஞ்ச நேரம் காக்கும். குளிர்கால விமானத்தின் ஜன்னல் வழியே தெரியும் ஆரஞ்சு, பச்சை மழை இதுதான். டொரான்டோ நகரில் இதற்கென்று தனித் திடலே இருக்கிறது. உலகின் மிகப் பெரிய திடல்களில் அது ஒன்று.

இந்தப் பாதுகாப்புக்குக் கெடு உண்டு. பனி எவ்வளவு கொட்டுகிறது, குளிர் எவ்வளவு என்பதைப் பொறுத்து சில நிமிடங்களோ, அதற்குச் சற்று அதிகமோ மட்டுமே அது நிலைக்கும். அதற்குள் விமானம் ஊர்ந்து போய் ஏறிவிட வேண்டும். முடியாவிட்டால் திரும்பி வந்து மறுபடியும் குளிக்க வேண்டும். தரையிலோ வேகமாகப் போக முடியாது. இறக்கையிலோ கெடு தீர்ந்துகொண்டிருக்கும். பனிக்காலத்து விமானி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

வாஷிங்டன், 1982

1982 ஜனவரி 13 அன்று அமெரிக்கத் தலைநகரில் கடும் பனி. நேஷனல் விமான நிலையம் பிற்பகலில் மூடப்பட்டு மறுபடியும் திறந்தது. வெப்பப் பிரதேசமான புளோரிடாவைச் சேர்ந்த ஏர் புளோரிடா கம்பெனியின் போயிங் 737 விமானம் ஊர் திரும்பக் காத்திருந்தது. விமானிகளுக்குப் பனிக்கால அனுபவம் குறைவு. நேரமோ ஏற்கெனவே கடந்துவிட்டது.

இறக்கைக்குத் திரவம் அடித்தாயிற்று. விமானத்தைப் பின்னுக்குத் தள்ள டிராக்டர் வந்தது. அதன் சக்கரங்களில் சங்கிலி இல்லை. ஐஸ் மீது டிராக்டரின் சக்கரங்கள் சுழன்றனவே தவிர, விமானம் அசையவில்லை. பொறுமை இழந்த விமானிகள் இன்ஜினையே எதிர்த் திசையில் இயக்கிப் பின்வாங்கப் பார்த்தார்கள். பனி பறந்ததே மிச்சம். சங்கிலி பூட்டிய வேறு டிராக்டர் வந்த பிறகே விமானம் நகர்ந்தது.

பிறகு நீண்ட வரிசை. முன்னால் நின்ற விமானத்தின் சூடான காற்று தங்கள் இறக்கைப் பனியை உருக்கும் என்று எண்ணி விமானிகள் அதை நெருங்கி நின்றார்கள். உருகிய பனி மறுபடி உறைந்ததுதான் பலன். இன்ஜினில் ஐஸ் படியாமல் காக்கும் சூட்டுக் கருவியையும் அவர்கள் போடவில்லை. அதனால் இன்ஜின் சக்தியைக் காட்டும் கருவி பொய்க் கணக்குக் காட்டியது. இன்ஜின் உண்மையில் கொடுத்த சக்தி குறைவு. கருவி காட்டியது அதிகம்.

திரவம் அடித்து 49 நிமிடங்கள் கழிந்த பின் விமானம் ஓடத் தொடங்கியது. கருவிகள் சரியாக இல்லை என்று துணை விமானி ஓட்டத்தின்போதே பலமுறை சந்தேகம் சொன்னார். தலைமை விமானி நிறுத்தவில்லை. மேலே எழுந்த விமானம் அரை நிமிடம்தான் பறந்தது. பாலத்தின் மீது வாகனங்களை மோதி, உறைந்த போடோமாக் ஆற்றில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் வாகனங்களில் இருந்த 4 பேரும் மாண்டார்கள். பிழைத்தவர்கள் ஐந்தே பேர்.

அந்த விமானத்தின் கதி தரையிலேயே நிச்சயமாகிவிட்டது. சங்கிலி இல்லாத டிராக்டர், தாமதம், அவசரம், சொன்னதை எடுத்துக்கொள்ளாத மேலதிகாரி எல்லாம் வரிசையாகச் சேர்ந்தன.

பார்த்தும் சொல்லாத கண்கள்

ஏழு ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் என்ற சிற்றூரில் ஏர் ஒன்டாரியோ விமானம் ஒன்று நின்றது. பனி கொட்டி இறக்கையில் படிந்தது. இன்ஜினை மறுபடி கிளப்பித் தரும் துணைக் கருவி அந்த விமானத்தில் பழுது. அந்த நிலையத்திலும் அதற்கான வண்டி கிடையாது. ஆகவே ஓர் இன்ஜினை ஓடவிட்டபடியே நிறுத்தி வைத்தார்கள். இன்ஜின் ஓடும்போது இறக்கைக்குத் திரவம் அடிக்கக் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. திரவம் அடிக்காமலே விமானம் புறப்பட்டது, காட்டில் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள்.

நெஞ்சை உறுத்தும் செய்தி விசாரணையில் வந்தது. இறக்கையின் மீது பனி இருப்பதைப் பிரயாணிகள் பார்த்திருந்தார்கள். பணியில் இல்லாமல் பிரயாணிகளாக வந்த வேறு விமானிகளும் பார்த்தார்கள். பணிப்பெண்ணும் பார்த்தார். விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்றும், நாம் போய்ச் சொல்வதா என்றும் எண்ணித் தயங்கியிருக்கிறார்கள். நீதிபதி விர்ஜில் மொஷான்ஸ்கி தலைமையிலான கமிஷன் 1992ல் தன் முடிவான அறிக்கையைக் கொடுத்தது. விமானியை மட்டும் குற்றவாளியாக்காமல், பழுதுக் கருவியோடு விமானத்தை அனுப்பிய கம்பெனியிலிருந்து கண்காணிக்கத் தவறிய அரசாங்கம் வரை எல்லாரையும் அது கேள்வி கேட்டது. பனிக்கால விமானப் பயணத்தின் விதிகள் பல நாடுகளில் அதன் பிறகு இறுகின.

ஆபீசிலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புதிதல்ல. மேஸ்திரி அறியாததா, மேனேஜர் பார்க்காததா என்று கீழே இருப்பவர் வாய் திறக்காமல் போய்விடுவது எங்கும் உண்டு. விமானத்தில் அந்த மௌனத்தின் விலை மனித உயிர்.

தரையில் நிற்கும் தொழிலாளி

ஐஸ் மீது மிக அதிக நேரம் நிற்பவர்கள் விமானிகளோ பிரயாணிகளோ அல்ல, தரைத் தொழிலாளர்கள். மூட்டை ஏற்றுபவர், டிராக்டர் ஓட்டுபவர், விளக்குத் தடியால் வழி காட்டுபவர், இறக்கை முனையோடு நடந்து வருபவர், லாரியின் உயரக் கூண்டில் நின்று திரவம் அடிப்பவர் என்று ஒரு பெரும் கூட்டமே குளிரில் உழைக்கிறது.

ஓடும் ஜெட் இன்ஜின் முன்னால் உள்ளதை இழுக்கும். பின்னால் உள்ளதை வீசி எறியும். காய்ந்த தரையில் ஒதுங்கி நிற்கலாம். ஐஸ் மீது கால் பிடிப்பு இல்லாதவரால் ஒதுங்க முடியாது. ஆகவே இன்ஜின் அணையும் வரை குறித்த எல்லைக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இழுத்துச் செல்லும்போது எடை மிகுந்த விமானம் டிராக்டரையே தள்ளிக்கொண்டு மடங்கிவிடும் அபாயமும் இருக்கிறது. ஆகவேதான் டிராக்டர் ஆள் நடக்கும் வேகத்தில் போகிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கும் பிரயாணி, கீழே கம்பளிக் குல்லாயோடு மெல்ல நடக்கும் மனிதரையும் ஒரு தரம் பார்க்கலாம்.

ரேணிகுண்டாவில் ஐஸ் இல்லை, மழை உண்டு

இந்த வட்டாரத்து விமான நிலையத்துக்கு ஐஸின் இடத்தில் இருப்பது தண்ணீர். ஓடுபாதை மார்க் அட்டவணையில் அதற்கும் இடம் உண்டு. 3 மில்லிமீட்டர் வரை ஈரம் என்றால் 5 மார்க். அதற்கு மேல் தண்ணீர் தேங்கினால் மார்க் ஒரேயடியாக 2க்கு இறங்கிவிடும். வேகமாக ஓடும் சக்கரம் தேங்கிய நீரின் மேல் மிதக்கும்; தரையைத் தொடாது; பிரேக் பிடித்தும் பயன் இருக்காது.

2021 நவம்பர் 18 அன்று திருப்பதியை வெள்ளம் சூழ்ந்தபோது, ரேணிகுண்டாவில் இறங்க வேண்டிய விமானங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் அங்கே ஓடுபாதையில் தீயணைப்பு வண்டி ஒன்று கவிழ்ந்தது. பெங்களூரிலிருந்து வந்த விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போயிற்று. இரண்டு முறையும் பிரயாணிகள் சிரமப்பட்டார்கள். ஆனால் பத்திரமாக இருந்தார்கள்.

இறங்கியே தீருவது எப்படி முடியும் என்பதற்கு 2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் நடந்தது உதாரணம். மழையில் நனைந்த, மேட்டு மேல் அமைந்த ஓடுபாதையில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மிகவும் தள்ளி இறங்கியது. நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. விமானிகள் இருவர் உள்பட 21 பேர் இறந்தார்கள்.

திருமலைப் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தத் தத்துவம் தெரியும். மலைப்பாதைக்குத் தேவஸ்தானம் குறைந்தபட்ச நேரம் ஒன்றை விதித்தது. அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் அபராதம். சீக்கிரம் வந்ததற்குத் தண்டனையா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். வளைவில் லாரி உருண்டதைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

குளிர்காலத்தில் பறப்பவர்கள் கவனிக்க

டிசம்பர் முதல் மார்ச் வரை வட நாடுகளுக்குப் போகிறவர்கள் சில காரியங்களை மனதில் வைத்தால் போதும்.

விமானம் மாறிப் போக வேண்டியிருந்தால், இரண்டு விமானங்களுக்கும் நடுவே தாராளமாக நேரம் விட்டு டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மாத்திரைகள், கம்பளி, மறுநாளுக்கான மாற்று உடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி எங்கே போய்ச் சேரும் என்று பனிக்காலத்தில் சொல்ல முடியாது.

விமானம் ஊர்ந்து செல்லும்போதும் இடுப்புப் பெல்ட் போட்டிருக்க வேண்டும். தரைதானே என்று எழுந்து பெட்டியை இறக்கக் கூடாது. விமானம் சட்டென்று வழுக்கினால், நிற்பவர்தான் முதலில் விழுவார்.

புறப்படப் போகும் சமயத்தில் இறக்கையின் மீது பனியோ ஐஸோ படிந்திருப்பது தெரிந்தால், தயங்காமல் பணிப்பெண்ணிடம் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் சரளமாக வராவிட்டாலும் ‘ஸ்நோ’ என்று சொல்லி இறக்கையைச் சுட்டிக்காட்டினால் போதும். யாரும் சிரிக்கமாட்டார்கள். சொன்னது தவறாக இருந்தால் ஒரு நிமிடம் நஷ்டம்; அவ்வளவுதான்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஜாக்கிரதை தேவை. விமான நிலையத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்திலும் ஐஸ் இருக்கும். வயதானவர்கள் ரப்பர் செருப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, அடிப்பாகம் சொரசொரப்பான ஷூ போட்டுக்கொள்ள வேண்டும். பாதம் முழுவதும் தரையில் பதிய, சிறு சிறு அடியாக நடக்க வேண்டும். இரண்டு கைகளிலும் பை தூக்கக் கூடாது.

விமானம் கிளம்பத் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால், கவுண்டரில் நிற்கும் சிப்பந்தியிடம் சண்டைக்குப் போவதில் பலன் இல்லை. டிராக்டருக்குச் சங்கிலி மாட்டவும், இறக்கைக்கு மறுபடி திரவம் அடிக்கவும், பாதையில் மணல் தூவவும் அந்த நேரம் செலவாகிறது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு, “லேட்டாகும், தூங்குங்கள்” என்று ஒரு போன் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பதே புத்திசாலித்தனம்.